மாடியில் காய்ந்த பருப்பும் சரவணன் எழுதித் தந்த கேரண்டியும்

காங்கேயம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை

என் கண்ணு நித்யஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கனடா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ரித்திகாவும் சளி கிளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் இட்லிப்பொடி பார்சலிலேயே இதையும் எழுதி வைக்கிறேன், ஆற அமரப் படி.

புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பு நீ செய்த ரகளை மறந்திருக்காது. கட்டப்போகிறவன் யார், என் கூடப்பிறந்த அண்ணன் மகன் சரவணன். அவனிடம் போய் கேரண்டியை எழுதி வாங்கு என்கிறாய். பல்லடத்தில் என் அண்ணன் காதுக்கு அது போனதும், ஏனம்மணி, எம்பட பையன் வார்த்தைக்கு மேல எழுத்து வேணுமாக்கும் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உறவுக்குள் எதற்குடி பத்திரம் என்று உன்னிடம் கத்தினேன். நீயா விடுவாய், பிடித்த முயலுக்கு மூன்றே கால். தூணுக்கும் பீமுக்கும் எத்தனை வருடம், மாடி ஒழுகினால் எத்தனை வருடம், குழாய்க்கும் ஒயருக்கும் எவ்வளவு, எந்த நாளிலிருந்து கணக்கு, எதெல்லாம் சேராது என்று வீடியோ காலில் நீ ஒவ்வொன்றாகக் கேட்க, அவன் உம்மென்று எழுதினான். பூச்சில் மயிரிழை மாதிரி வெடிச்சா அது சிமெண்ட் காயறதுங்க, தூண்ல வெடிச்சாத்தான் நம்ம பொறுப்புங்க என்று அவனும் விவரமாகத்தான் பேசினான். கடைசியில் அப்பாவும் அவனும் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது நடந்ததைக் கேள். ஐப்பசி மழையில் சாமி ரூம் மூலையில் ஈரம் பூத்து, மறுநாள் சொட்டவே ஆரம்பித்துவிட்டது. குடிவந்து ஒரு மழைக்குத் தாங்காத கூரையையா அத்தைக்குக் கட்டித் தந்தாய், உன் கேரண்டியை எடுத்துக்கொண்டு வா என்று சரவணனைப் போனில் வறுத்தெடுத்தேன். அவன் உடனே வந்து மாடி ஏறினான், அப்பாவும் பின்னாலேயே போனார். இறங்கி வந்தவன் தண்ணி எறங்கியிருக்குதுங்க அத்தை, நான் சரிபண்ணிப்போடறனுங்க என்றானே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. நான் விடுவேனா, அவன் அப்பன் வரைக்கும் இழுத்துப் பேசினேன். அப்போதுதான் உன் அப்பா, அவனைப் பேசாத புள்ள, தேங்காய்ப் பருப்பு காயப்போட்டபோது தார்ப்பாய் கட்ட மாடியில கம்பி அடிச்சது நானு என்றார். களத்துக்கு ஏன் போவது, புது மாடியில் வெயில் நன்றாக அடிக்கிறது என்று புரட்டாசி முழுக்க மேலேயே கொப்பரைப் பருப்பு காயப்போட்டார் அல்லவா, அந்தக் கம்பிகள் தண்ணீர் இறங்காமல் இருக்கப் போட்ட பூச்சைத் துளைத்துக்கொண்டு போயிருக்கின்றன. நாமாக மாடியைத் துளைத்தால் கேரண்டியில் சேராது என்று தாளில் தெளிவாக இருக்கிறது, படிச்சுத்தான கையெழுத்துப் போட்டேன், செலவு நம்முது சரவணா என்று முடித்துவிட்டார். உன் அப்பாவை உனக்குத் தெரியும், சாதத்தில் உப்பைத் தானே அள்ளிப் போட்டுக்கொண்டு உப்பைக் குறை சொல்கிற மனுசன். தன்னைவிடச் சின்னவன் முன்னால் அப்படிச் சொன்னாரே, எனக்கு அவரைப் பார்க்கவே பெருமையாக இருந்தது.

உள்ளூர்க் கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டையில் சிமெண்டைப் பூசிவிடலாம் என்றார் அப்பா. சரவணன் ஒத்துக்கொள்ளவில்லை, வேற ஆளு கை வெச்சா பூச்சுக் கம்பெனிக்காரங்க தர்ற கேரண்டியும் போயிருமுங்க மாமா என்று முதலில் பூச்சுப் போட்ட அதே ஆட்களைத்தான் கூட்டிவந்தான். வேலை முடிந்ததும் மாடியில் தண்ணீர் தேக்கிவைத்துப் பார்த்து, சரிசெய்த இடத்துக்கு அவனாகவே புதிதாக எழுதியும் கொடுத்தான். இப்போது யாருக்கு வீடு கட்டினாலும் கேட்காமலேயே எழுதித் தருகிறானாம். எங்க அத்தை பொண்ணு பழக்கிவிட்டதுங்க என்று அவனே ஊரெல்லாம் சொல்கிறான்.

ஒன்று யோசித்துப் பார் கண்ணு. அந்த எழுத்து இல்லாவிட்டால், சரவணன் கட்டிய கூரை சரியில்லை என்று நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். உன் அப்பா பேரைக் கெடுக்கக் கூடாது என்று அவன் வாயே திறந்திருக்க மாட்டான். அப்பாவும் இது ஒரு பெரிய விஷயமா என்று இருந்திருப்பார். என் அண்ணன் வாசல் எனக்கு அடைத்தே போயிருக்கும். உறவு கெடும் என்று நான் பயந்த தாள்தான் அதைக் காப்பாற்றியது. இந்தப் பொங்கலுக்கு அண்ணன் சீர்த்தட்டோடு வந்து, பக்கத்து வீட்டு ராமாத்தாள் முன்னாலேயே, எங்கம்மணி பெத்த புள்ள வெவரமானதுங்க என்று சொன்னார். நான் சமையல்கட்டுக்குள் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடியில்லாமல் நூறு வருடம் இருங்கள். அங்கே உனக்கு வீடு கட்டும்போதும் இதே மாதிரி எழுதி வாங்கு, யார் முகம் சுளித்தாலும் சரி, அம்மா உன் பக்கம். ஒன்றே ஒன்று, அப்பா கம்பி அடித்ததை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே. சரவணனிடம் சொன்னதே அவருக்குப் போதும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா சென்னியம்மாள்