அம்மா இறங்காத ரயில்

என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன். தொட்டு என்ன, காலையிலிருந்து தாள் தாளாகக் கிழித்துப் போடுகிறேன். பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி. இன்று புதன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு உன் கதைக் கொப்பியை என்னிடம் நீட்டினாய். "அழகா எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிருடி, ஒன் கையெழுத்துதான் நல்லாருக்கு" என்றாய். சரியென்று தலையாட்டினேன். அந்தக் கொப்பி இப்போது இல்லை அக்கா. எப்படிச் சொல்வேன்? நான்தான் அதை அடுப்பில் போட்டேன்.

போன மாதம் பொலிஸ்காரர்கள் நம்ம தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி வளைக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. தமிழில் எழுதிய தாள் இருந்தால் போராளி என்று சந்தேகப்பட்டு ஆளைக் கொண்டுபோவார்கள் என்று பயந்து, எல்லோரும் முதல் நாளே கடிதம், கலியாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை. பொலிஸ்காரர்கள் வாசலுக்கு வந்த பிறகு பதறிப்போய்ப் போட்டேன். மற்ற வீடுகளில் அடையாள அட்டையை மட்டும் பார்த்தவர்கள், நம் வீட்டுப் புகையைக் கண்டு நின்றுவிட்டார்கள்.

நம் அப்பாவை, உன்னைப் பெற்று என்னையும் வளர்த்த மனுசனை, சுவரோரம் நிறுத்தினார்கள். என்ன எரித்தாய் என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். கதை என்றேன். அப்படியானால் சொல்லு என்றார்.

தெரிந்த சிங்களத்தில் சொன்னேன் அக்கா. மாத்தளை ரயில் நிலையம், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிற சனம், அம்மாவின் பாஸ்போட்டில் தன் பெயர் விடுபட்டதால் பிளாட்பாரத்தில் நிற்கிற ஏழு வயதுப் பிள்ளை. ரயில் நகர்கிறது. அதுவரைதான் சொன்னேன். "ஈட்ட பஸ்ஸே?" அதற்குப் பிறகு என்ன என்று கேட்டார்.

உன் கதையில் அம்மா இறங்கிவிடுவாள். எனக்கு அது வாயில் வரவில்லை. அம்மா போய்விட்டாள், அந்தப் பிள்ளை நான்தான் என்றேன். அவர் அப்பாவை விடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ அதை வாசித்துக் காட்டிய அன்று உன்னோடு சண்டை பிடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? என் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எதற்குப் பொய் எழுதுகிறாய் என்று கத்தினேன். நீ கோபிக்கவில்லை. "ஒங்கம்மா எறங்கியிருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்திச்சு புள்ள. அவ்வளவுதான்" என்றாய்.

ரயில் நகரும் இடம்வரை எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அவளை எப்படி இறக்கினாய்? மூட்டையோடா, வெறுங்கையோடா? இறங்கி வந்து பிள்ளையிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்வாளே, அது என்ன? மண்டையைப் பிய்த்துக்கொண்டும் வரவில்லை. சொந்த அம்மா போனபோதுகூட நான் இப்படித் தவிக்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்? அதை வாசித்தவர்கள் நாம் இரண்டு பேர்தானே.

நாளைக்கு மாத்தளைக்குப் போய்த் தபாலில் போடுவேன். உன் பெயரில்தான். அந்த வார்த்தை கிடைக்காவிட்டால் அவளைப் பேசாமலே இறக்குகிறேன். சத்தியமாக இறக்குவேன் அக்கா. அவள் இறங்கி வந்து என் கையைப் பிடிக்கட்டும்.

நீ இல்லாத வீட்டில்,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி
ராணி