நூற்று எண்பத்து மூன்று நாள்

மார்ச் 4

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். "போய்த் திறயேன்" என்றேன். "ஏன், நீ திறந்தா கை தேஞ்சிடுமா?" என்று பதில் வந்தது. இரண்டையும் சொன்னது நான்தான். இரண்டாவது குரலைக் கொஞ்சம் கரகரப்பாக வைத்துக்கொள்வேன். அவன் என்னைவிட மூத்தவன், சிடுமூஞ்சி. தனிக்கட்டைக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டாமா?

தட்டியது தபால்காரர். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். பழைய மாநிலத்து வரி அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால்.

மார்ச் 5

நான்கு தடவை படித்தாயிற்று. ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் வருமான வரி தனி. இங்கேதான் கட்டினேன். அவர்களோ, "இல்லை, போன வருஷம் நீ அந்தப் பக்கம்தான் வாழ்ந்தாய், எங்களுக்குக் கட்டு" என்கிறார்கள். காரணம், அங்கே ஒரு வீடு என் பெயரிலும் இருக்கிறது, அதில் என் மனைவி இருக்கிறாள். மனைவி இருக்கும் இடம்தான் புருஷனுக்கு வீடு என்று ஓர் அரசாங்கமே நம்புகிறது. அவளிடம் யாராவது இதை எடுத்துச் சொன்னால் தேவலை.

சலவை இயந்திரத்துக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். அபராதத்தோடு கட்டச் சொன்னால் இந்த வாடகை வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். அப்புறம் எங்கே போவது?

மார்ச் 11

வரி வழக்குப் பார்க்கும் வக்கீலம்மா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடினார். நான் சொல்லவில்லை. அவ்வளவு சீக்கிரம் அந்த அறையை விட்டுப் போக மனசில்லை.

"சட்டம் ரொம்ப சிம்பிள் சார். வருஷத்துல நூத்து எண்பத்து மூணு நாளுக்கு மேல இந்தப் பக்கம் இருந்தீங்கன்னு காட்டணும். ஒவ்வொரு நாளா."

"இருந்தேனேம்மா."

"யார் பாத்தாங்க?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மார்ச் 12

நூலகத்தில் கையெழுத்துப் போட்டது இருபத்தாறு நாள். பல் மருத்துவர், மூன்று. செருப்புக் கடை ரசீது, ஒன்று. ஆக முப்பது. மிச்ச நாளெல்லாம் நான் எங்கேதான் இருந்தேன்?

மார்ச் 19

கைபேசிப் பதிவு கைகொடுக்கும் என்றார் வக்கீலம்மா. கொடுத்தது, அவர்களுக்கு. என் வீடு ஆற்றங்கரையில் இருப்பதால் அந்தப் பக்கத்துக் கைபேசிக் கோபுரம்தான் கிட்டத்தில் இருக்கிறதாம். வருஷம் பூரா என் போன் அங்கேதான் குடித்தனம் நடத்தியிருக்கிறது. என்னைவிடப் புத்திசாலி.

மார்ச் 25

அவளுக்குப் போன் செய்தேன். எட்டு மாதம் கழித்து.

"நான் அங்க இல்லன்னு ஒரு லெட்டர் வேணும்."

"தாராளமா தரேன்" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்ட எதற்கும் அவள் இவ்வளவு சந்தோஷமாகச் சரி சொன்னதில்லை. இருமலா என்று கேட்பாள் என நினைத்து ஒரு தடவை இருமிக்கூடப் பார்த்தேன். ம்ஹும்.

கடிதத்தைப் படித்துவிட்டு வக்கீலம்மா சொன்னார்: "எங்க இல்லன்னு தெரிஞ்சுபோச்சு சார். எங்க இருந்தீங்கன்னுதான் தெரியணும்."

ஏப்ரல் 2

அக்கம்பக்கத்தில் சாட்சி கேட்டுப் போனேன். எதிர்வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாததே கிடையாது. அவருடைய கொழுப்பு அளவு, மருமகளோடு மனஸ்தாபம், பல்செட்டை எந்தப் பக்கம் கழற்றுவார், எல்லாம் அத்துப்படி. கதவைத் திறந்து சிரித்தபடி கேட்டார்: "வாங்க, புதுசா குடிவந்திருக்கீங்களா?"

ஏப்ரல் 3

எழுத ஒன்றுமில்லை. அந்த மூத்தவன்கூட இன்றைக்குப் பேசவில்லை.

ஏப்ரல் 9

கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் மடக்கிவிட்டார். தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குகிறவர். நான் அவருக்குப் பயந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஆள்.

"நேத்து ரெண்டே காலுக்கு நாற்காலிய இழுத்தீங்க."

"எப்படிம்மா இவ்வளவு ஞாபகம்?"

"ஞாபகமா? எழுதி வெச்சிருக்கேன். போன வருஷம் ஜனவரியிலேர்ந்து. வீட்டு ஓனர்கிட்ட குடுத்து உங்களைக் காலி பண்ண வைக்கலேன்னா பாருங்க."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எத்தனை நாள் எழுதியிருப்பீங்க?"

"எத்தனை நாள் தூங்க விட்டீங்க, அதைக் கேளுங்க."

ஏப்ரல் 11

ஒரு வக்கீலே பார்க்கக் கேட்கிறார் என்றதும், நோட்டைக் கையிலிருந்து விட மாட்டேன் என்று அவரே அலுவலகத்துக்கு வந்தார். பஸ்ஸில் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ முணுமுணுத்தேன் போலிருக்கிறது. "இங்கயுமா?" என்றார். வேலை பார்த்த காலத்தில் ஒரு தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு எழுதியவராம். கோடு போட்டு, தேதி, மணி, சத்தத்தின் வகை.

வக்கீலம்மா போன வருஷத்துத் தேதிகளை மட்டும் எண்ணினார். இருநூற்றுப் பதினொன்று. "இப்படி ஒரு ஆவணத்தை நான் பாத்ததே இல்ல சார்" என்றார்.

நான் எட்டிப் பார்த்தது ஒரே பக்கம்தான். ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் வந்த வாரம்.

'6: சத்தமில்லை. 7: சத்தமில்லை. 8: சத்தமில்லை. 9: 2.40, இருமல். இருக்கார்.'

மறுபடி மேஜையைத் துழாவிய வக்கீலம்மாவிடம், மூக்குக் கண்ணாடி தலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

மே 14

விசாரணை. வரி அதிகாரி கீழ்வீட்டு அம்மாவைக் கேட்டார்: "நீங்க இவருக்கு வேண்டப்பட்டவங்களா?"

"வேண்டப்பட்டவளா? இவரைத் துரத்தணும்னுதான் சார் இந்த நோட்டே."

அதிகாரி முகத்தில் முதல் தடவையாக நம்பிக்கை தெரிந்தது. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். முழுக்கப் படிக்க வேண்டுமாம்.

ஜூன் 3

உத்தரவு வந்துவிட்டது. ஒரு காசு கட்ட வேண்டாம். வீடும் தப்பித்தது. கீழ்வீட்டு அம்மா புது நோட்டு வாங்கியிருப்பதாகக் கேள்வி.

வக்கீலம்மா போனில் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "நாலாவது பத்திய மட்டும் படிங்க சார். உங்களுக்கு அண்ணன் இருக்காரா?" என்றார்.

எடுத்துப் படித்தேன். 'கீழ்த்தளத்தில் வசிப்பவரின் குறிப்பேட்டில் இவரும் கரகரத்த குரலுடைய மூத்தவர் ஒருவரும் பேசியதும் வாதிட்டதும் தொடர்ச்சியாகப் பதிவாகியுள்ளன. எனவே இவர் ஆண்டின் பெரும்பகுதி மேற்படி முகவரியில் தம் மூத்த சகோதரருடன் வசித்து வந்தார் என்பது ஏற்கப்படுகிறது.'

"எனக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாதும்மா."

"அப்ப திருத்தச் சொல்லி மனு போடலாமா?"

நாலாவது பத்தியை இன்னொரு தடவை படித்தேன்.

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு உத்தரவை முதலிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவனுக்கும் தெரிய வேண்டுமே. மணி அப்போது இரண்டே கால்.