சீதன வீட்டின் விலை

கொழும்புத்துறை,
யாழ்ப்பாணம்.
யூன் 9

அன்பின் வினி,

ஆண்டவருடைய கிருபையால் நான் சுகம். உமக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுகம் கூடவேண்டும் என்பதே என் காலை ஜெபம்.

இதை எழுதி முடித்ததும் படம் எடுத்து ஹன்னாவின் போனுக்கு அனுப்புவேன். பெரிய எழுத்தில் அச்சடித்து உம்முடைய கையில் தரச் சொல்லியிருக்கிறேன். போனில் நான் ஒன்று கேட்க, நீர் பதில் சொல்லப் பாடுபட்டு, சொல் வராமல் கடைசியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறீர். அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது. கடிதம் என்றால் அந்த அவசரம் இல்லை. ஆறுதலாக வாசியும்.

மகள் ஹன்னாவின் பிள்ளைப்பேற்றுக்கு என்று கனடாவுக்குப் போன இடத்தில் உமக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோகும் என்று யார் நினைத்தது? “வீட்டை வித்துப்போட்டுப் பின்னாலை வாங்கோ” என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனீர். பேரன் இப்போது தவழுகிறானாம். வீடு அப்படியே நிற்கிறது.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. வீடு கெதியாக விலைப்பட்டுவிடும் என்று நம்பி அலுமாரியையும் சாப்பாட்டு மேசையையும் முதலே விற்றது என் அவசரப் புத்தி. உடுப்பெல்லாம் கொடியில் தொங்குகிறது. குசினித் திட்டில் கோப்பையை வைத்து நின்றபடி சாப்பிடுகிறேன். ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் கேற்றடிக்குப் போய்விடுகிறேன். காலையில் கூட்டிய முற்றத்தைப் பின்னேரம் திரும்பவும் கூட்டுகிறேன், யாராவது வந்து பார்க்கக்கூடும் என்று.

வராமலும் இல்லை. சாவகச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வந்து அறை அறையாகப் பார்த்தது. கதவு நிலையெல்லாம் பாலை மரம் என்று மெச்சி, அடுத்த கிழமை காசோடு வருவதாகச் சொல்லிப் போனது. பிறகு போனும் எடுக்கவில்லை. வங்கி மனேச்சர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்தப் பெண் எந்த அறைக்கு எந்த நிறத் திரைச்சீலை என்று என் முன்னாலேயே கதைத்தாள். அவர்களும் அதோடு சரி. புறோக்கர் யாகப்புவுக்கு ஒரே கதைதான். “விலையைக் குறையுங்கோ சேர், வீடு தன்ரை பாட்டிலை போகும்” என்கிறான்.

விலை நீர் சொன்ன விலை. ஒழுங்கை முகப்பு வீடு போன விலைக்கு ஒரு சதமும் குறையக்கூடாது, பக்கத்து வீட்டில் இருந்து எமில்ராஜ் பார்த்துச் சிரிக்க நான் விற்கமாட்டேன் என்று சொன்னீர். உம்முடைய சித்தப்பாவின் மகன் என்றாலும் மதில் கட்டிய நாளில் தொடங்கிய மனஸ்தாபம் உங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் தீரவில்லை. என்னோடு மட்டும் அவர் மதிலுக்கு மேலால் நாலு வார்த்தை கதைப்பார். நேற்றும் வீடு போகுதோ என்று கேட்டார். போகும் என்றேன்.

உமக்கு வந்த வருத்தத்தை நான் இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை, வினி. ஞாயிறு ஆராதனை முடிய ஸ்ரெல்லா ரீச்சர் உம்மைச் சுகம் கேட்டா. பேரனோடு நன்றாகப் பொழுது போகிறதாம் என்று சொல்லிவிட்டு, தேவாலய வாசலில் நின்று சொன்ன பொய்யோடு வீட்டுக்கு வந்தேன். அவசரத்துக்கு விற்கிறோம் என்று தெரிந்தால் விலையை அடித்து விழுத்திவிடுவார்கள். ஆனால் அவசரம் உண்மைதானே? நீர் விசிட்டராகப் போனபடியால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க மருமகன் றோகானின் தலையில். அவர் வாயே திறக்கவில்லை. சனி ஞாயிறும் வேறொரு வேலைக்குப் போகிறார் என்று ஹன்னா வாய்தவறிச் சொன்னாள்.

குறைக்கட்டுமா? நீர் எழுதித் தந்த அற்றோணித் தத்துவம் என் பேரில் இருக்கிறது, உமக்காகக் கையெழுத்து என்னால் போட ஏலும். ஆனால் வீடு உமக்குச் சீதனமாக வந்தது. உம்மைக் கேளாமல் செய்ய மனம் வரவில்லை. யோசியும்.

குளிசையை நேரத்துக்குப் போடும். ஒரு வேளை தவறினாலும் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது. பெரியாஸ்பத்திரி மருந்தகத்தில் காலம் போக்கியவன் சொல்கிறேன், கேளும்.

உமது அன்பின்
டானியல்

___

கொழும்புத்துறை
யூலை 14

அன்பின் வினி,

கர்த்தர் உம்மோடு இருப்பாராக. நீர் கோலைப் பிடித்துக் கதவுவரை நடந்த படத்தை ஹன்னா அனுப்பினாள். ஓட்டோவுக்குள் இருந்து பார்த்து, இறங்க வேண்டிய இடத்தைக் கடந்து போய்விட்டேன்.

வீடு ஏன் போகவில்லை என்று தெரிந்துவிட்டது. விலை அல்ல.

போன கிழமை ஒரு இளம் சோடி வீடு பார்க்க வந்தது. பெண் வித்தியா, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். புருஷன் தேனுஜன் பாசையூரில் மீன் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிறவன். இரண்டு பேரும் மயிலிட்டிக் கடற்கரைக் குடும்பங்கள், தொண்ணூறில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள். அவள் பிறந்ததே முகாமில். பிறகும் வாடகை வீடு வாடகை வீடாக வளர்ந்திருக்கிறாள். வீட்டை அவள் பார்த்த விதத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது. போனவர்கள் மற்றவர்களைப் போலவே சத்தம் இல்லை.

ஆனால் மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்த உடுப்போடு ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். கையில் ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல். கேற்றடியில் நின்றபடியே கேட்டாள்.

“சேர், குறை நினைக்காதேங்கோ. கிணறு உவராப் போச்சுது, அதாலைதான் விக்கிறியள் எண்டு பக்கத்து வீட்டு ஐயா சொன்னவர். உண்மையோ?”

நேரே கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் வெயில் காலத்திலும் ஒழுங்கை முழுக்க வந்து அள்ளிக்கொண்டு போன கிணறு அல்லவா அது? அள்ளிக் கொடுத்தேன். குடித்தாள். போத்தலிலும் நிரப்பிக்கொண்டாள், வீட்டில் காட்ட. வந்தவர்கள் எல்லாரையும் எமில்ராஜ் ஒழுங்கை முகப்பில் மறித்துக் கதைத்திருக்கிறார் என்று அவளிடமிருந்துதான் அறிந்தேன். கிணறு உவர் என்றும், கூரை தாங்கும் தீராந்தி மரத்தில் கறையான் என்றும் சொல்லியிருக்கிறார்.

அவள் போனதும் நேரே அவருடைய வீட்டுக்குப் போனேன். நீர் பார்த்திருந்தால் பயந்திருப்பீர், அவ்வளவு கோபம். மலிவாகத் தானே வாங்குவதற்குச் செய்த வேலை என்றுதான் நினைத்தேன், அதையே முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் விறாந்தையில் வானொலியை நிறுத்தினார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி மோசம்போன பிறகு அந்த வீட்டில் நான் குடித்த முதல் தேத்தண்ணி அது.

“உங்கடை வீடு எனக்கு என்னத்துக்கு அத்தான்? என்ரையைப் பாக்கவே ஆள் இல்லை. எல்லாப் பிள்ளையளும் பிரான்சிலை. இந்த ஒழுங்கையிலை பொழுதுபட்டால் லைற் எரியிறது உங்கடை வீடும் என்ரை வீடும்தான். அக்கா விலை குறைக்கமாட்டா எண்டு எனக்குத் தெரியும். வாறவை வராட்டி நீங்கள் நிப்பியள் எண்டு நினைச்சன்.”

அக்காவும் திரும்பி வருவா என்று எதிர்பார்த்தேன் என்று இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

“அக்கா இனி வரமாட்டா, எமில். அவவுக்குப் பாரிசவாதம். கதைக்க ஏலாது.”

கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். நெடுநேரம் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். நானும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அவரே யாகப்புவைப் பிடித்து வித்தியாவையும் தேனுஜனையும் வரவழைத்தார். மதில் எழும்பிய பிறகு அவர் நம்முடைய வளவுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளி, கையில் ஏந்திக் குடித்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்து, “நான் சொன்னது பொய், பிள்ளை. நல்ல தண்ணி” என்றார். காதுவரை கறுத்துப் போயிருந்தது அவர் முகம். உம்முடைய தம்பி, நான் சொல்லாவிட்டாலும் உமக்குத் தெரியும், அவர் ஒருநாளும் ஒருவரிடமும் பிழை என்று சொன்ன ஆள் இல்லை.

இனித்தான் உம்மிடம் கேட்க வேண்டியது. வங்கிக் கடனோடு அவர்களால் தர முடிந்தது நம்முடைய விலையில் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கு மேல் ஏலாது என்று தேனுஜன் மறைக்காமல் சொல்லிவிட்டான். யாகப்பு இப்போது கதையை மாற்றிவிட்டான். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள், உவர்க் கதையும் போய்விட்டது, பொறுத்தால் முழு விலைக்கே போகும் என்கிறான். போகவும் கூடும். போகாமல் ஐப்பசி மழை வந்து ஆட்கள் வருவது நின்றுபோகவும் கூடும்.

நான் இரவெல்லாம் இரண்டு பக்கமும் கூட்டிக் கழிக்கிறேன். காலையில் குறைக்கலாம் என்று எழும்புகிறேன், மத்தியானம் பொறுக்கலாம் என்றிருக்கிறது. உம்முடைய மனதைச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன். சொல் வராவிட்டால் தலையை ஆட்டினாலும் எனக்கு விளங்கும்.

உமது அன்பின்
டானியல்

___

கொழும்புத்துறை
ஓகஸ்ட் 30

அன்பின் வினி,

ஆண்டவருக்குத் தோத்திரம். போன கிழமை வீட்டு உறுதி எழுதி முடிந்தது. நொத்தாரிசின் கந்தோரில் உம்முடைய பேரை அவர் வாசிக்க, உமக்காக நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் போனை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஹன்னா உமக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தாள். நான் விலையைச் சொன்னேன், நீர் கண்ணை மூடினீர். பிறகு சொன்னீர்.

“காணும்.”

சூப் போதும் என்கிறீர் என்று நினைத்து அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். நீர் அவளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்து இன்னொரு தரம் காணும் என்றீர், இந்தத் தரம் தெளிவாக. அந்த விலை காணும் என்கிறீர் என்று எனக்கு விளங்கிவிட்டது. சொல்லு வந்துவிட்டது என்று அவள் சத்தம் போட்டு றோகானைக் கூப்பிட்டதும், நான் இங்கே அவசரமாகப் போனை வைத்ததும் உமக்குத் தெரியும்.

ஒன்றையும் உமக்கு மறைக்கக்கூடாது. வித்தியாவிடம் முற்காசு வாங்கி இரண்டாவது கிழமை லண்டனிலிருந்து வந்த ஒருவர் யாகப்புவோடு வந்து நின்றார். முழு விலையும் தருவாராம், ஆனால் இருக்கப் போவதில்லை, பூட்டி வைப்பதற்குத்தான். வித்தியாவின் காசைத் திருப்பிக் கொடுத்தால் போகிறது என்று யாகப்பு காதுக்குள் சொன்னான். சொல் கொடுத்தாயிற்று என்று நான் அவர்களை அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டேனே ஒழிய அன்று பின்னேரம் முழுக்க வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். றோகானின் சனி ஞாயிறுகளையும் உமக்கு வந்து உடற்பயிற்சி செய்விக்கிறவர்களின் செலவையும் நினைத்தேன். சரியானதைத்தான் செய்தேனா என்று இப்போதும் அடித்துச் சொல்ல மாட்டேன். எமில்ராஜ் மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். இடியப்பமும் சொதியும். இப்போது நான் படுப்பதும் அங்கேதான்.

வித்தியா குடிவந்துவிட்டாள். உம்முடைய செவ்வரத்தைப் பூச்செடியை வெட்டமாட்டாளாம். தேனுஜன் முன் அறைக்குப் பச்சை நிறம் அடிக்கிறான், உமக்குப் பிடிக்காத பச்சை. சொல்லாமல் விட்டேன்.

விசா வந்துவிட்டது. வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஏறுகிறேன். எமில்ராஜ் கட்டுநாயக்கா விமான நிலையம்வரை வருகிறார். அக்காவுக்கு என்று ஒடியல் மாவும் பனங்கட்டியும் கட்டித் தந்திருக்கிறார். மதில் கதையை அக்காவோடு எடுக்கவேண்டாம், தான் சுகம் கேட்டதாக மட்டும் சொல்லுங்கோ என்றார். ஆகவே சொல்கிறேன், உம்முடைய தம்பி உம்மைச் சுகம் கேட்டார்.

நான்கு நாளாக ஹன்னா போனில் உம்மைக் காட்டவில்லை. நித்திரை என்கிறாள். நான் எந்த நேரத்தில் எடுத்தாலும் நித்திரை என்கிறாள். அவளுடைய குரலும் அடைத்துப் போயிருக்கிறது. சளித் தடிமன் என்றாள். றோகான் இன்று வேலைக்குப் போகவில்லை போல, பின்னால் அவருடைய சத்தம் கேட்டது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. வருத்தக்காரருக்கு நித்திரை நல்லது, ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீர் வாசிக்கவேண்டும் என்று இல்லை. ஹன்னா உம்முடைய பக்கத்தில் இருந்து மெதுவாக வாசிக்கட்டும். கர்த்தர் உம்மைத் தம்முடைய கையில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கொஞ்சக் காலத்துக்கு எங்களுடைய கையில் விட்டுவையும் என்று காலையும் மாலையும் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உம்மையும் கேட்கிறேன்.

இரும், வினி. நான் உம்மிடம் வர வெளிக்கிட்டுவிட்டேன்.

உமது அன்பின்
டானியல்