வண்டி வந்த நாள்

என் தங்கத்துக்கு,

வியாழக்கிழமை என்னைப் பார்க்க வரும்போது பாப்பாவைத் தூக்கி வராதே.

பன்னிரண்டு பேரை அடைக்கிற சிறை அறையில் நாற்பது பேர் கிடக்கிறோம். ஒருவன் புரண்டால் எல்லோரும் புரளவேண்டும். பக்கத்துப் பாயில் படுத்திருந்த தையல்காரர் மூன்று மாதம் ரத்தமாக இருமினார். கம்பவுண்டர் காய்ச்சல் மாத்திரையையே நீட்டினான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் காவலுக்கு ஆளில்லையாம். நேற்று அவர் கண்ணை மூடினார். இன்று ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்கிறது, வெட்கங்கெட்ட வண்டி!

"வந்த வண்டி சும்மா போகக்கூடாது. இருமல் இருக்கிறவன் எவனாவது ஒருத்தன் ஏறுங்கடா," என்றான் வார்டர்.

முப்பது கைகள் எழுந்தன.

என் கை அதில் இருந்ததா என்று கேட்காதே. ஏன் கூட்டிப்போகவில்லை என்று பாப்பா கேட்டால், அப்பா கோபமாக இருக்கிறார் என்று சொல். அது பொய்யில்லை.

உன் வீட்டுக்காரன்