இருபத்திரண்டாம் நம்பர் சீல்

6-8-2012
எங்கள் டேபிளில் மூன்று பேர். இந்த மாதம் ஒருத்தியைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்களாம். சூப்பர்வைசர் பரசுராமன் சார் எல்லார் முன்னாடியும் சொல்கிறார்: "முத்துச்செல்வி கண்ணுல ஒரு விரிசல் தப்பாது."

அவளை ஊரிலிருந்து ஒரகடம் கம்பெனிக்குக் கூட்டிவந்ததே நான். பிரேக் ஹோஸ் குழாயைத் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் நம் நம்பர் சீலைக் குத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான். ஒரே ரூமில் படுக்கிறோம். இருந்தும் வயிறு எரிகிறது. என்ன பிறவி நான்!

9-8-2012
என் பதினாலாம் நம்பர் குத்திய பீஸில் விரிசலாம். வார்னிங் லெட்டர். சத்தியமாக நான் விடவில்லை!

கேன்டீனில் கங்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் டேபிளின் மூன்றாவது ஆள். மண்ணூர்க்காரி, ஆறு வருடமாகக் காண்ட்ராக்டிலேயே இருப்பவள்.

"பாத்ரூம் போசொல்ல சீலை யாராண்ட குட்த்துட்டுப் போன?"

செல்வியிடம்தான். சீலை அடுத்தவர் கையில் கொடுக்கவே கூடாது, கொடுத்தவர், வாங்கினவர் ரெண்டு பேருக்கும் வேலை போய்விடும். ஆனால் கொடுக்காமல் போனால் பீஸ் மலையாகக் குவியும், அதனால் எல்லாரும் கொடுப்பதுதான்.

"அவ அப்படிப்பட்டவ இல்ல" என்று கத்தினேன்.

"சரி வுடும்மா. நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே."

12-8-2012
ஞாயிறு. செல்வி மீன்குழம்பு வைத்தாள். நடுத்துண்டை என் தட்டில் போட்டாள். நடிக்கிறாளா?

14-8-2012
செய்துவிட்டேன்.

"யக்கா, இந்தா வாரேன்" என்று செல்வி தன் சீலை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். கழித்துப் போடும் சிவப்பு டிரேயிலிருந்து விரிசல் விட்ட ஹோஸ் ஒன்றை எடுத்தேன். அவளுடைய இருபத்திரண்டைக் குத்தினேன். தேறினது போகும் பச்சை டிரேயில் போட்டேன். ஒரு வார்னிங் வரட்டும், அவளுக்கும் தெரியட்டும்.

17-8-2012
ஐயோ, வார்னிங் இல்லை. செல்வியின் கார்டையே பிடுங்கி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கென்று ஹோஸ் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஆடிட் வந்து, அந்த பீஸ் இருந்த பெட்டியையே திறந்தார்கள்.

"சீலை யார்கிட்டயாவது குடுத்தியா?" என்று சார் மூன்று தடவை கேட்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"இல்ல சார். நாந்தான் பாக்காம விட்டுட்டேன்" என்கிறாள்!

18-8-2012
பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

"ஒம்பேரச் சொன்னா ஒனக்கும்லா சீட்டு கிழிஞ்சிரும்" என்றாள். "எங் கண்ணுலதான் என்னவோ கோளாறுக்கா. ஊருக்குப் போயி காட்டணும்." என்மேல் ஒரு சந்தேகம்கூட இல்லை அவளுக்கு.

பஸ் கிளம்பும்போது இன்னொன்று சொன்னாள். "ஒன் வார்னிங்கும் என்னாலதாங்க்கா. அன்னிக்கு சார் கூப்பிட்டாருன்னு ஒன் சீல கங்கம்மாக்காட்ட குடுத்துட்டுப் போயிட்டேன். சொல்லப் பயந்துட்டேன்."

கங்கம்மாளிடமா? கங்கம்மாளிடமா கொடுத்தாள்?

21-8-2012
பெர்மனென்ட் லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். கங்கம்மாள்.

கை கழுவுகிற இடத்தில் அவளை மடக்கிக் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் குத்துனேன். ஆறு வருசமா நேத்து வந்ததுங்களுக்கெல்லாம் வழி வுட்டுகினு கீறேன். வயிறு எரியாதா எனக்கு?" கையைத் துடைத்துக்கொண்டே என் காதருகில் வந்தாள். "ஆனா நான் குத்துனது உன் சீலை மட்டுந்தான். அவ சீலை யார் குத்துனா, காந்திமதி?"

அவள் லைனுக்குப் போய்விட்டாள்.

25-8-2012
செல்வி போன் செய்தாள். திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் காட்டினாளாம்.

"ஒரு கொறையும் இல்லங்காரு. அப்ப எனக்கு என்னதாங்க்கா ஆச்சு? ராத்திரியெல்லாம் அதேதான் நெனச்சிட்டுக் கெடக்கேன். வீட்டுத் தையல் மிசின்ல உக்காரவே பயமா இருக்கு."

சொல்லிவிட்டேன். நாந்தாண்டி குத்துனேன், பொறாமையில குத்துனேன், பாவி நாந்தான் என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

27-8-2012
மேனேஜரிடம் நான் செய்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு என் கார்டையும் சீலையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"செல்வியத் திரும்ப எடுப்பீங்களா சார்?"

"அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சேம்மா."

வெளியே வந்து அவளுக்கு போன் போட்டேன். மூன்று தடவை. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.