காத்திருப்பு நேரம் பூஜ்யம்

இன்று காலை சர்வர் அலமாரியின் அடித்தட்டைத் துடைக்கும்போது ஒரு பழைய நெட்வொர்க் கார்டு கைக்கு வந்தது. பிளாஸ்டிக் உறையின் மேல் மார்க்கர் பேனாவில் உன் கோணல் கையெழுத்து: ‘நல்லா இருக்கு. வீசாதே.’ நீ கண்மூடி எட்டு மாதமாகிறது. இன்னும் எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறாய்.

நான்கு வருடத்துக்கு முன், நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஸ்கேன் சென்டருக்குப் புது மெஷின் வந்திருந்த வாரம் அது. படங்கள் சர்வருக்கு வந்து, அங்கிருந்து பெங்களூரு டாக்டருக்குப் போக வேண்டும். ஐந்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் இழுத்தது. தங்கச் சுரங்கத் தூசு நெஞ்சில் இறங்கிய பெரியவர்கள் ரிப்போர்ட்டுக்காக வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். கடைசியில் ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் கடையில் புதுக் கார்டு வாங்கிப் போட்டேன். அதுவும் அதே ஆமை வேகம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. நேரே கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் எதிரிலேயே, “டூப்ளிகேட் கார்ட என் தலையில கட்டிட்டீங்களே, இதெல்லாம் ஒரு பொழப்பா?” என்று கத்திவிட்டு வந்தேன். வந்திருந்தவர்களில் இரண்டு பேர் எதுவும் வாங்காமல் என் பின்னாலேயே வெளியேறியதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அதே பட்டுப்புடவையோடு நீ வந்தாய். வாரம் ஆறு நாளும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு அல்லாடுகிறவள், மிச்சமிருந்த ஒரு நாளை எனக்குக் கொடுத்தாய். நான் கார்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ அதைத் தொடக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்டரப்ட் எண்ணிக்கையைக் காட்டும் பட்டியலைத் திரையில் கொண்டுவந்தாய். ‘தகவல் வந்திருக்கிறது, வந்து எடு’ என்று கார்டு புராசஸரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அங்கே ஓர் எண் ஏறும். அன்று அது தலைதெறிக்க ஓடியது. புராசஸரின் நான்கு கோர்களில் ஒன்று மட்டும் மூச்சுத் திணற, மற்ற மூன்றும் சும்மா இருந்தன.

“கடைசியா நீ இன்னாத்த மாத்துன?”

“ஒண்ணுமில்லடி.”

“புது மெஷினு வர்றதுக்கு முன்னாடி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரும் தகவலைக் கொஞ்சம் சேரவிட்டு, பிறகு ஒரே தடவையாகக் கூப்பிடுவதற்குக் கார்டுக்கு ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. அதை நான் பூஜ்யமாக்கி, சர்வர் எப்போது கிளம்பினாலும் தானாகவே அப்படி ஆகும்படி எழுதி வைத்திருந்தேன். புதுக் கார்டும் படுத்துக்கொண்டது அதனால்தான். ஏன் செய்தேன் என்று கேட்டாய். என் அப்பா சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர். மணி அடித்தால் காக்க வைக்கக் கூடாது, கீழே ஆள் நிற்கிறான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த வீட்டில் வளர்ந்த கை, காத்திருப்பு நேரம் என்று கண்டதுமே பூஜ்யத்தைத் தட்டிவிட்டது.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “அடிப்பாவி, உங்கப்பாவுக்கு ஆளுக்கு ஒரு மணியா அடிச்சாங்க? கேஜு ரொம்பினப்புறம்தானடி மணி!”

நேரத்தைப் பழையபடி வைத்தாய். படம் நாலே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. பிறகு, யாரும் கேட்காமலேயே, நான் கழற்றி எறிந்த பழைய கார்டையும் மாட்டிப் பார்த்து, அதுவும் நன்றாக ஓடுகிறது என்று உறுதி செய்து, உறையில் போட்டு எழுதிவைத்த பிறகுதான் எழுந்தாய். ஒரு கார்டின் மேல்கூட வீண்பழி இருக்கக் கூடாது உனக்கு. அந்த நியாய புத்தியைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

“கடைக்காரர்கிட்ட போய் சொல்லிடுடி. பாவம், நாலு பேர் எதிர்ல கேட்டுட்ட.”

அடுத்த ஞாயிறு, சொல்லிவிட்டாயா என்று கேட்டாய். சொல்லிவிட்டேன் என்றேன். பொய். வெட்கம் பிடுங்கித் தின்றது, நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. நீ “சரி” என்று தலையாட்டிவிட்டுத் தட்டில் இன்னும் கொஞ்சம் பிரியாணி போட்டுக்கொண்டாய். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்று மதியம் போனேன். நான்கு வருடம் கழித்து. அவருக்குத் தலை நரைத்திருந்தது. “அண்ணா, அன்னைக்கி உங்கள பாத்துக் கத்துனது என் தப்பு. கார்டு நல்லாதான் இருந்துச்சு. நான்தான் செட்டிங்க கெடுத்து வெச்சிருந்தேன்.” வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். “உக்காரும்மா. உன் ஃப்ரெண்டு அப்பவே வந்துச்சு. நீ வந்தியான்னு கேட்டுச்சு, இல்லன்னேன். கடையில ஆளுங்க இருக்கறப்பவே, ‘உங்க கார்டு நல்ல கார்டுண்ணா’ன்னு சத்தமா சொல்லுச்சு. அப்புறம் கிட்ட வந்து, ‘அவளும் வருவா, கொஞ்சம் லேட்டாவும். நான் வந்தத மட்டும் அவகிட்ட சொல்லாதீங்க’ன்னுச்சு. இப்ப அதுவே இல்லயே, அதான் சொல்லிட்டேன்.”

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. என் பொய்யைத் தெரிந்துகொண்டே ஞாயிறுதோறும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய், சிரித்திருக்கிறாய், ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. நான் வருவேன் என்று எனக்கே தெரியாதபோது நீ அவரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறாய். கடையிலிருந்து வீடுவரை அழுதுகொண்டேதான் நடந்தேன். நான் போய்விட்டு வந்தேனடி. இந்தத் தடவை பொய்யில்லை.