பெண்கள் வாட்டில் றஹ்மா

மூதூர்
1974 மார்ச்

அன்பு மகள் பல்கீஸ் அறிய வாப்பா எழுதுவது. உனக்கு என் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கச்சி றஹ்மாவும் சுகம். அளுத்கமையில் நீயும் சுகமாகப் படித்துக்கொண்டிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உன் கடிதம் வந்தது. றஹ்மாவைப் பெரியவர்களின் வாட்டுக்கு மாற்றுகிறார்கள் என்றதும், ஆசிரிய கலாசாலையை விட்டுவிட்டு அவளோடு நிற்க வரப்போவதாக எழுதியிருந்தாய். உம்மா மௌத்தான பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவள் நீ, உனக்குப் பதறாமல் யாருக்குப் பதறும். ஆனாலும் வரவேண்டாம் மகள். ஏன் என்று சொல்கிறேன், ஆறுதலாக வாசி.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இருதயத்தைப் பழுதாக்கியதிலிருந்து மாதாமாதம் ஊசிக்கு லாஞ்சியில் குடாக்கடல் தாண்டித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன் நான். பிள்ளைகள் வாட்டில் தங்கவைத்து மறித்தாலும் கட்டிலோடு கதிரை போட்டு இருப்பேன், டொக்டர் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்வேன், அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பாள். இப்போது வயது கடந்துவிட்டது. பெண்கள் வாட்டுக்குள் ஆண்கள் நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் மட்டும்தான் போகலாம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிள்ளைகள் வாட்டுத் தாதி இராசமலர் மிஸிதான், நானா, இனி நீங்கள் வாய் திறக்காதேங்கோ, பிள்ளை தன்ர நோய் வருத்தத்தைத் தானே சொல்லிப் பழகட்டும் என்றார். அன்று தொட்டு வீட்டில் நான்தான் டொக்டர். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, என்ன வருத்தம், என்ன குளிசை விழுங்குகிறாய், எப்போது மூச்சு வாங்குகிறது என்று கேட்பேன். முதலில் சிரித்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள், போகப்போகச் சொல்லத் தொடங்கினாள். குளிசையின் பெயர் அவள் வாயில் நுழையாது, எனக்கும் நுழையாது, இருவருமாகச் சிரிப்போம்.

போன கிழமை சோதிப்பதற்காகப் பெண்கள் வாட்டில் மறித்தார்கள். இராசமலர் மிஸி அவளைக் கையோடு கூட்டிப்போய்ப் புது டொக்டரிடம் விட்டார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். என்ன கேட்கிறார்களோ, பிள்ளை வாயடைத்துப் போய் அழுகிறாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளரைப் பார்க்கும் மணி அடித்ததும் ஓடினேன். கட்டிலில் சம்மணம் போட்டிருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னியா என்று கேட்டேன். ஓம் வாப்பா, நீங்க பழக்கின எல்லாம் சொன்னன், புறகு நானும் ஒண்டு கேட்டன் என்றாள். என்ன கேட்டாய் என்றதற்கு என்னை நேரே பார்த்து, நான் கலியாணம் முடிக்க ஏலுமா, புள்ள பெற ஏலுமா எண்டு கேட்டன் என்றாள்.

எந்த டொக்டரிடமும் கேட்க எனக்கு நா எழாத கேள்வி அது மகள். என்ன பதில் வருமோ என்ற பயம். அந்த டொக்டர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லையாம். ஏலும், ஆனால் அவசரப்படக் கூடாது, முதலில் கொழும்பில் இருதயத்தைச் சோதிக்க வேண்டும், ஒரு மாதமும் ஊசி தவறக் கூடாது, கலியாணப் பேச்சு வந்தால் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றாராம். பக்கத்துக் கட்டில் பொம்பிளைகள் எல்லாம் காதைக் கொடுத்துக் கேட்டார்களாம், அவளுக்கு வெட்கமே வரவில்லையாம். எனக்குத்தான் வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் தந்த சுளையை மென்றுகொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஆகவே நீ படிப்பை முடி. கொழும்புக்கு அவளைக் கொண்டுபோகும்போது லீவு எடுத்து வந்து பக்கத்தில் நில், அது போதும். அங்கே பதில் சொல்ல மட்டும் முந்திக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் பரக்கத்தையும் தரட்டும். இன்னொன்றையும் மறந்துவிடாதே. தங்கச்சியின் சுகத்தை அறிய இனி அவளுக்கே எழுது. வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டால், அதெல்லாம் டொக்டருக்குச் சொல்லிட்டன் வாப்பா என்கிறாள்.

உன் அன்பு வாப்பா
ஆதம்பாவா